தேன் எடுத்தலும் தேனீ வளர்த்தலும்: ஈச்சிலம்பற்றிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் பக்கத்தில் தேன் வாங்குகிற எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது சுத்தத் தேனா?" விற்பவர் உடனே சத்தியம் செய்வார். சத்தியம் போதாதென்றால் பரிசோதனை தொடங்கும். பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். கோப்பைத் தண்ணீரில் விடுவார்கள். தீக்குச்சியைத் தோய்த்து உரசுவார்கள். போத்தலை எறும்புப் பாதையில் வைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு. நாய் நக்காது என்றால் நல்ல தேன் என்பார்கள். பாவம், நாய்க்கு இந்த வேலையும் சேர்ந்துவிட்டது.

இவற்றில் ஒன்றுகூடத் தேனை நிரூபிக்காது. கெட்டியாகக் காய்ச்சிய சீனிப் பாணியும் நகத்தில் ஓடாது, தண்ணீரில் நேராக அடிக்குப் போகும். தீக்குச்சி பற்றுவதும் பற்றாததும் ஈரத்தின் அளவைச் சொல்லலாம். அந்த இனிப்பு பூவிலிருந்து வந்ததா கடையிலிருந்து வந்ததா என்று சொல்லாது. எறும்பு நல்ல தேனுக்கும் வரும். தேனீப் பெட்டி வைத்திருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள், எறும்போடு அவர் நடத்தும் சண்டைக்கு முடிவே கிடையாது. இன்னொரு பிழையான எண்ணமும் இருக்கிறது. தேன் அடியில் உறைந்து கற்கண்டு போலானால் "சீனி கலந்திருக்கு" என்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தேனில் குளுக்கோசு, பிரக்டோசு என்று இரண்டு சீனிகள் உள்ளன. குளுக்கோசு கூடிய தேன் தானாகவே உறையும். இளஞ்சூடான தண்ணீருக்குள் போத்தலை வைத்தால் மறுபடி இளகிவிடும். நல்ல தேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்றைக்கும் உறையாத பாணியை நம்பி வாங்கி வருகிற கூத்தும் இதனால் நடக்கிறது.

கலப்படத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டும். நமக்கு அது எட்டாது. ஆகையால் நாம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: இந்தத் தேனை எடுத்தவர் எப்படி எடுத்தார்? தேனின் நன்மை தீமையில் பெரும் பகுதி போத்தலுக்கு வரும் முன்பே, மரத்திலோ பெட்டியிலோ முடிவாகிவிடுகிறது. ஈச்சிலம்பற்றில் சில ஆண்டுகள் தமிழ் படிப்பித்த காலத்தில் நான் கண்டதையும், பிறகு படித்ததையும் சேர்த்து அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

ஈச்சிலம்பற்று திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில், வெருகல் ஆற்றுக்கு இப்பால் இருக்கிறது. பழைய கொட்டியாரப்பற்றின் ஒரு துண்டு. மூதூரிலிருந்து போகிறவருக்கு முதலில் வேளாண்மைப் பூமி, அப்புறம் பற்றைக்காடு, அப்புறம் கடல். "சேர், எங்கட ஊர்ப் பேரிலேயே ஈ இருக்கு" என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னான். அது ஈச்சமரத்தின் ஈ என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் பிள்ளையின் பேச்சில் நியாயம் இருந்தது. மூதூர்க் கடைத்தெருவுக்கு வரும் காட்டுத் தேன், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வெருகல், வாகரைக் கரையோரத்தில் வாழும் கரையோர வேடர் குடும்பங்கள் காட்டுக்கும் கடலுக்கும் மாறி மாறிப் போய்ச் சீவிப்பவர்கள். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூலிலேயே இந்தக் கரையோர வேடர் பற்றிய பகுதி இருக்கிறது. அவர்கள் தமிழ் பேசுகிறார்கள். தேன் எடுப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. கழுவிய பழைய போத்தல்களில் அடைத்துக் கொண்டுவருவார்கள். அது முன்பு என்ன இருந்த போத்தல் என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

இந்த மண்ணின் தேனீக்களைப் பற்றி எழுதி வைத்தவர்களில் பழையவர் ஒருவர் எங்கள் ஊரில் பிடிபட்டவர். 1660இல் கொட்டியாரத் துறையில் இறங்கிய ஆங்கிலேயக் கப்பல்காரர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் இளைஞர் ரொபட் நொக்ஸும் ஒருவர். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று இன்றும் காட்டுகிற புளியமரம் அந்தக் கதையோடு சேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து தப்பிப் போன நொக்ஸ், 1681இல் அச்சிட்ட புத்தகத்தில் இந்நாட்டுத் தேனீ மூன்று வகை என்கிறார். மரப்பொந்தில் கூடு கட்டுவது ஒன்று. உயர்ந்த மரக்கொப்பில் வெளியே தெரியக் கட்டும் பெரியது ஒன்று. மூன்றாவது மிகச் சிறியது, கறுப்பு, கொட்டாது, தேனும் சொற்பம். பெரியதன் தேனை எடுக்க, உரிய காலத்தில் ஊரே திரண்டு காட்டுக்குப் போகும் என்றும் எழுதியிருக்கிறார். சிங்களப் பெயர்களைத் தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருந்தாலும் எது எதுவென்று இன்றைக்கும் அடையாளம் காண முடிகிறது. நாற்பது பக்க அறிக்கைகளில் இல்லாத தெளிவு அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நொக்ஸ் தவறவிட்ட ஒன்றையும் சேர்த்தால் நான்கு வகை. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். நான் இங்கே வழங்குவது, பலருக்கும் புரியக்கூடிய பெயர்கள்.

பெருந்தேனீ, சிலர் மலைத்தேன் என்பார்கள், சிங்களத்தில் பம்பரா. ஒற்றை அடை, ஒரு முழத்துக்கும் மேலே அகலம், பாறையிலும் பெருமரத்திலும் மூடாக்கு இல்லாமல் தொங்கும். சிகிரியாவில் ஆட்களைத் துரத்துவது இதுதான். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களைக் 'குளவி' கொட்டியதென்று பத்திரிகையில் படிக்கிறோமே, அவற்றில் பல சம்பவங்களில் கொட்டியது குளவியல்ல, இந்தத் தேனீதான். பருவத்துக்குப் பருவம் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே கூட்டத்தோடு இடம்பெயரும். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது.

கொம்புத்தேனீ சின்னது. பற்றைக்குள் ஒரு கொம்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒரே அடை கட்டும். தேன் மேல்முனையில் தடித்திருக்கும், கீழே குஞ்சு. நொக்ஸ் விட்டது இதைத்தான். கொசுத்தேனீ கொட்டாது. சுவர் ஓட்டையிலும் மரத் துவாரத்திலும் பிசினும் மெழுகும் கலந்து சின்னச் சின்னக் குடம் போலச் செய்து தேன் வைக்கும். தேனில் ஒரு புளிப்பு இருக்கும். நாட்டு வைத்தியர்கள் அதற்குத்தான் அலைவார்கள்.

நாலாவது, பொந்துத் தேனீ. மரப்பொந்து, கறையான் புற்று, பாழடைந்த சுவர் போன்ற இருட்டான இடத்துக்குள் பல அடைகளை வரிசையாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாகக் கட்டும். இருட்டையும் வரிசையையும் விரும்புவதால்தான் இதைப் பெட்டிக்குள் குடிவைக்க முடிகிறது. இலங்கையில் 'தேனீ வளர்ப்பு' என்றால் இந்த ஓரினத்தை வளர்ப்பதுதான். ஐரோப்பியத் தேனீ இங்கே நிலைக்கவில்லை.

கொம்புத்தேன் என்றதும் முடவன் அதற்கு ஆசைப்பட்ட பழமொழி யாருக்கும் ஞாபகம் வரும். அதன் வேர் மிகப் பழையது. குறுந்தொகையின் 60ஆம் பாட்டில் பரணர், உயர்ந்த மலையிலுள்ள பெருந்தேனைக் கீழேயிருந்தபடி பார்த்து, உள்ளங்கையைக் குவித்து, தேனைச் சுட்டிக்காட்டிக் கையை நக்கும் முடவனைக் காட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது உவமை நயம் என்று விடை எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்த உயரத்தில் ஏறுகிறவன் என்ன செய்கிறான் என்பதை ஈச்சிலம்பற்றில்தான் பார்த்தேன்.

எனக்குக் காட்டியவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். என்னிடம் படித்த பிள்ளையின் பாட்டன். நான் அவரை 'அண்ணன்' என்பேன், அவர் என்னைச் 'சேர்' என்பார். வயதுக்கு அது தலைகீழ்தான், என்றாலும் பள்ளிக்கூடத்து மரியாதை அப்படி. காட்டில் அவர் மேலே பார்த்து நடப்பதில்லை. முதலில் தண்ணீரைப் பார்ப்பார். வற்றிக்கொண்டு வரும் மோடையின் ஓரச் சேற்றில் தேனீ இறங்கித் தண்ணீர் குடிக்கும். குடித்த ஈ எழும்பி எந்தத் திசையில் நேர்கோடாகப் பறக்கிறது, எவ்வளவு நேரத்தில் மறுபடி வருகிறது என்று குந்தியிருந்து கவனிப்பார். அதை வைத்துக் கூடு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கணக்குச் சொல்வார். அரைக் கட்டைக்குள் இருந்தால் அவர் கணக்கு பிழைத்ததை நான் காணவில்லை.

கூட்டைக் கண்டபின் செய்கிற வேலையில்தான் ஆட்கள் இரண்டு பிரிவாகப் பிரிகிறார்கள். ஒரு பிரிவினர் தீப்பந்தம் கொளுத்துவார்கள். ஈ கருகி விழும், அடை முழுவதையும் வெட்டி வாளிக்குள் போட்டுப் பிழிவார்கள். தேனோடு குஞ்சும் மகரந்தமும் சாம்பலும் பிழிபடும். அந்தக் கூட்டம் அழிந்தது அழிந்ததுதான், அடுத்த ஆண்டு அந்த மரத்தில் தேன் கிடையாது. மற்றப் பிரிவினர் பச்சை இலையைச் சுற்றிப் புகை மட்டும் காட்டுவார்கள். புகை பட்டதும் ஈக்கள், வீடு எரியப் போகிறதென்று எண்ணியதைப் போல, தேனை வயிறு முட்டக் குடிக்கத் தொடங்கும். வயிறு நிறைந்த ஈ கொட்டுவது குறைவு. மேலே உள்ள தேன் அடையை மட்டும் வெட்டி எடுத்துக் குஞ்சடையை விட்டுவிடுவார்கள். "குஞ்சை உட்டா தாய் நிக்கும் சேர். தாய் நிண்டா நாளைக்கும் தேன் நிக்கும்" என்பது பெரியவர் பேச்சு. எல்லாக் கூட்டமும் நிற்பதில்லை, சில எழும்பிப் போய்விடும் என்பதையும் அவரே சொன்னார்.

பிழிந்த தேனுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பூவின் அமுதத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, நொதியம் சேர்த்து, கண்ணறையில் பரப்பி, சிறகால் விசிறி, தண்ணீரை ஏறத்தாழ நூற்றுக்கு இருபதுக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் மெழுகால் மூடி வைக்கும். மூடிய அறையில் இருப்பதுதான் முற்றிய தேன். மூடாத அறையையும் சேர்த்துப் பிழிந்தால் தண்ணீர் கூடிவிடும். அப்படிப்பட்ட போத்தல் சில கிழமையில் பொங்கி மூடியைத் தள்ளும், வாசம் புளிக்கும். நம்மவர் சிலர் இதைக் 'காட்டுத் தேனின் வீரியம்' என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வீரியமல்ல, நொதித்தல். யெமன் நாட்டவர் தேனை ஊறவைத்துக் குடிக்கும் 'பித்உ' என்ற பானம் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டதும், போதை தருவதெல்லாம் ஹராம் என்று பதில் வந்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. தேன் புளித்தால் எங்கே போய் முடியும் என்று அந்தக் காலத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

2006இல் மூதூரிலிருந்து நாங்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினோம், ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைப் பக்கம் ஓடியது. அந்த ஆண்டுகளில் காட்டுக்குள் போக யாரால் முடிந்தது? திரும்பி வந்தபின் பெரியவருக்குக் காட்டில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் ஈயைப் பற்றிய அறிவு முழுவதும் அவர் தலையில் அப்படியே இருந்தது. பெட்டி வைக்கலாம் என்ற பேச்சு இப்படித்தான் வந்தது. இப்போது அவர் வளவில் எங்கள் இருவருக்கும் பொதுவாக நான்கு பெட்டிகள் இருக்கின்றன. மரமும் சாமானும் என் செலவு, பார்ப்பது அவர், தேனில் சரிபாதி.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 68ஆம் வசனம் தேனீ வீடமைக்கும் இடங்களாக மூன்றைச் சொல்கிறது: மலைகள், மரங்கள், மனிதர் உயர்த்திக் கட்டுபவை. ஈச்சிலம்பற்றில் இருந்து இதை ஓதினால் மூன்றும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். பாறையில் பெருந்தேனீ, பாலைமரப் பொந்தில் பொந்துத் தேனீ, வேலியோரத்தில் பெட்டி. அடுத்த வசனத்தில் வருகிற 'பல நிறமுள்ள பானம்' என்ற கருத்தும் பெட்டி வைத்தவருக்குப் புதிதல்ல. ஒரே பெட்டியில் ஒரு மாதத் தேன் வெளிறியும் மற்ற மாதத் தேன் கருமையாகவும் வரும். இவ்வசனங்களில் தேனீக்கு இடப்படும் ஏவல் வினைகள் பெண்பால் ஒருமையில் இருக்கின்றன. இதை வைத்து மேடையில் அறிவியல் அற்புதம் என்று முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை, அரபு இலக்கணத்தில் அந்தச் சொல் பெண்பாலாக வழங்குவது இயல்பு. ஆனால் அரிஸ்டாட்டிலின் காலந்தொட்டு நெடுங்காலம் ஐரோப்பாவில் கூட்டின் தலைமை ஈயை 'அரசன்' என்றே எண்ணியிருந்தார்கள், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஸ்வாமர்டாம் அதை வெட்டிப் பார்த்து முட்டைப்பையைக் காட்டினார் என்பது சுவையான செய்திதான். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. தேனீ அஃறிணை. 'வந்தது' என்றால் போதும், ஆணா பெண்ணா என்று வினைமுற்று கேட்காது.

இனிப் பெட்டிக்கு வருவோம். எல்லாப் பெட்டிக்கும் அடிப்படை ஒன்றே. அடைக்கும் அடைக்கும் இடையில் ஓர் ஈ முதுகு உரசாமல் போகிற அளவு, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியை ஈக்கள் வெறுமையாக விட்டுவைக்கும். அதைவிடக் குறைந்தால் பிசினால் அடைக்கும், கூடினால் அடை கட்டி நிரப்பும். 1851இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ரோத் இதை உணர்ந்து, கழற்றி மாட்டக்கூடிய மரச்சட்டங்களை அந்த அளவுக்குத் தொங்கவிட்டார். அதுவரை தேன் வேண்டுமானால் கூட்டை உடைத்தே ஆக வேண்டியிருந்தது. அவரது பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு ஏற்றது. நம் ஈ உருவில் சிறியது, கூட்டமும் சிறியது. அதற்கேற்பச் சின்னப் பெட்டியைத் தென்னிந்தியாவில் பரப்பியவர் நியூட்டன் பாதிரியார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் அவர் பயிற்சி கொடுத்தார். பெட்டி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய கிராம நிலையத்திலிருந்து இந்தத் தொழில் வீடு வீடாகப் பரவியது. அங்கே றப்பர் மரம் பெருந்துணை. றப்பர் இலைக்காம்பின் நுனியிலேயே அமுதம் சுரக்கும், பூவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் நாட்டில் இந்தத் துறையின் மையம் பண்டாரவளைப் பக்கத்துப் பிந்துனுவெவவில், விவசாயத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது.

பெட்டி செய்துவிட்டால் ஈ எங்கே? எங்கள் பெரியவர் அதற்குப் பழைய முறையையே வைத்திருந்தார். வாயகன்ற மண்முட்டியின் உட்புறம் பழைய தேன்மெழுகைப் பூசி, சின்னத் துவாரம் விட்டு மூடி, மரக்கவரில் கவிழ்த்துக் கட்டுவது. மழை விட்டுக் காடு பூக்கிற காலத்தில் கூட்டங்கள் பிரியும். பிரிந்த கூட்டம் வீடு தேடி முட்டிக்குள் வந்து சேரும். எங்கள் முதலாவது கூட்டம் அப்படி வந்ததுதான். இரண்டாவது, இடிக்கவிருந்த சுவருக்குள் இருந்தது. பொழுது படுகிற நேரத்தில் குஞ்சடைகளை ஒவ்வொன்றாக வெட்டி, சட்டத்துக்குள் வைத்து வாழைநாரால் கட்டினோம். இரண்டு மூன்று நாளில் ஈக்களே அடையைச் சட்டத்தோடு ஒட்டி, நாரைக் கடித்து வெளியே போட்டுவிடும். ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றவை தாமாக உள்ளே நடக்கும், ஊர்வலம் போல.

வந்த ஈ தங்குமா என்பதுதான் இந்தத் தொழிலின் முழுப் பிரச்சினையும். ஆட்டைக் கட்டலாம், கோழியை அடைக்கலாம். தேனீயைக் கட்ட முடியாது. அதிலும் நம் பொந்துத் தேனீ ரோசக்காரி. உணவு குறைந்தால், எறும்பு ஏறினால், மெழுகு அந்து அடையைத் துளைத்தால், அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால், கூட்டத்தோடு எழும்பிப் போய்விடும். வாசலில் ராணி மட்டும் வெளியேற முடியாத தகடு பூட்டலாம் என்பார்கள். புதிதாகக் குடிவைத்த சில நாளுக்கு அது உதவும். மற்றபடி போக முடிவு செய்த கூட்டத்தைத் தகடு நிறுத்தாது. போவதற்கு முன் அறிகுறி உண்டு. ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். காலில் மஞ்சள் மகரந்தத்தோடு உள்ளே வருகிற ஈ அருகும். பெரியவர் காலையில் பெட்டிவாசலில் ஐந்து நிமிடம் குந்தியிருந்து எண்ணுவார். மகரந்தம் வந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது, குஞ்சு இருந்தால் வீடு காலியாகாது. மூடியைத் திறக்கத் தேவையே இல்லை.

எங்கள் பகுதியில் மார்கழி, தை மழை விட்டபின் பூக்காலம். கஜு, வேம்பு, பாலை, வீரை, ஆற்றோரத்து மருது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். தென்னையில் எந்நாளும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் எல்லாம் காய்ந்துபோகும். ஆடி, ஆவணிதான் கண்டம். தேனீ எவ்வளவு தூரம் போய் மேயும் என்பது இங்கே முக்கியமாகிறது. 1950களில் ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லிண்டோவர் இலங்கைக்கு வந்து நம் நாட்டுத் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தார். உணவு கண்டுவந்த ஈ, திசையையும் தூரத்தையும் மற்றவற்றுக்கு ஆடிக்காட்டும் என்று அவருடைய ஆசிரியர் கார்ல் வொன் பிரிஷ் ஐரோப்பாவில் கண்டுபிடித்திருந்தார். 1973இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வு அது. இங்கே கொம்புத்தேனீ அடையின் மேற்தளத்தில் வெளிச்சத்தில் நின்று உணவிருக்கும் திசையை நேராகவே காட்டுவதையும், பொந்துத் தேனீ இருட்டில் செங்குத்தான அடையில் ஆடித் திசையை மறைமுகமாக உணர்த்துவதையும் லிண்டோவர் பார்த்தார். நம் ஈக்கள் ஐரோப்பிய ஈயளவு தூரம் போவதில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே பெட்டியைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்குள் என்ன பூக்கிறது என்பதே கணக்கு. வேலியில் முருங்கை, கிணற்றடியில் துளசி, வளவில் எலுமிச்சை என்று வைத்தால் அது அழகுக்கு அல்ல. எறும்புக்கு எதிராகப் பெட்டிக் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய ரின்களில் நிறுத்த வேண்டும். தண்ணீர் வற்றிய ஓர் இரவு போதும் முசுறு ஏறுவதற்கு.

பஞ்ச மாதங்களில் சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து ஈக்குக் கொடுப்பார்கள். "பெட்டித் தேன் சீனித் தேன்" என்ற பழி இங்கிருந்துதான் பிறக்கிறது. பழியில் பாதி உண்மை. பெட்டி இரண்டு தட்டு: கீழ்த்தட்டில் குஞ்சு, மேல்தட்டில் தேன். மேல்தட்டைக் கழற்றி வைத்திருக்கும் காலத்தில் கொடுத்த சீனியை ஈக்கள் தம் உயிரைக் காக்கத் தின்று தீர்க்கும், அதனால் யாருக்கும் மோசமில்லை. பூக்காலத்தில் மேல்தட்டை வைத்துக்கொண்டே பாணி ஊற்றினால் ஈ அதையும் அறையில் நிரப்பி மூடிவிடும். மூடிய அடை, அசல் மெழுகு, உள்ளே கடைச் சீனி! கண்ணால் பார்த்து யாராலும் பிடிக்க முடியாது. ஆகவே பெட்டித் தேன் வாங்குகிறவர் நகத்தில் ஊற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த மாதம் சீனி கொடுத்தீர், எந்த மாதம் தட்டு வைத்தீர் என்று கேட்கட்டும். ஒழுங்கான வளர்ப்பாளர் மாதம் சொல்லித் திணறாமல் பதில் தருவார்.

தேன் எடுப்பது எளிது. மேல்தட்டுச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மெழுகு மூடியிருந்தால் முற்றிவிட்டது. மூடியைக் கத்தியால் சீவி, சுழற்றும் பீப்பாவுக்குள் சட்டத்தை நிறுத்திச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து வடியும். 1865இல் ஹ்ருஷ்கா என்ற இராணுவ அதிகாரி கண்ட உபாயம் இது. குஞ்சு சாகாது, அடையும் உடையாது. வெற்றடையைத் திருப்பிக் கொடுத்தால் ஈக்கு மறுபடி மெழுகு சுரந்து கட்டும் சிரமம் மிச்சம். எங்கள் பெட்டியொன்றில் ஆண்டுக்கு ஐந்தாறு கிலோ கிடைத்தால் பெரியவர் சந்தோஷப்படுவார். பெரிய வருமானமல்ல. பிள்ளைகளின் புத்தகம், சப்பாத்துக்கு ஆகும். கொட்டு வாங்காத நாளும் கிடையாது. கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசம் போல ஒன்று எழும். மற்ற ஈக்களை அழைக்கும் வாசம் அது. கையை உதறாமல், முள்ளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புகை காட்ட வேண்டும். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தால் அது வேறு விஷயம், தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நமது வீடுகளில் அடிக்கடி எழும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். பிறந்த பிள்ளைக்கு நாக்கில் தேன் தடவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தஹ்னீக் என்று நபிமொழிகளில் வருவது மென்ற பேரீச்சம்பழம். தேன்தான் வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலினம் என்ற நுண்ணங்கியின் வித்திகள் இருக்கலாம். நமக்கு அவை ஒன்றும் செய்யாது. குடல் முதிராத குழந்தைக்கு நரம்பைத் தளர்த்தி உயிராபத்து வரை கொண்டுபோகும். ஒரு வயது முடியும் வரை தேன் கொடுக்காதீர்கள் என்று வைத்தியர் சொல்வது தேனிலுள்ள நிவாரணத்தை மறுப்பதற்கல்ல. உம்மம்மாமாரிடம் இதைச் சொல்லி வெல்வது தேனீயோடு மல்லுக்கட்டுவதைவிடக் கடினம் என்பது எனக்குத் தெரியும், சொல்லத்தான் வேண்டும். மற்றது ஸகாத். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைபெற்ற கருத்துப்படி தேன் விளைச்சலுக்கு ஸகாத் இல்லை. ஹனபி, ஹன்பலி மத்ஹபுகளில் உண்டு. வாங்கி விற்கும் வியாபாரமாகச் செய்தால் வியாபாரப் பொருளுக்கான ஸகாத் பொருந்தும்.

இப்போது பெரியவரை வாட்டுவது எறும்புமல்ல, கச்சானுமல்ல. வயலுக்கு அடிக்கும் மருந்து. நெற்கதிர் பூக்கும் காலத்தில் காலையில் ஈக்கள் மகரந்தத்துக்காக வயலுக்குப் போகும். அதே காலையில் பூச்சிமருந்து அடித்தால், பத்து மணிக்குப் பெட்டிவாசலில் ஈக்கள் நாக்கை நீட்டியபடி சுழன்று விழுந்து கிடக்கும். கூட்டிப் பார்த்தால் இரண்டு கை நிறையும். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் என்ற நான்கு பிராணிகளைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் வருகிறது. மருந்தடிக்கிற கமக்காரர் ஈயைக் கொல்ல நினைத்து அடிப்பதில்லை. தத்தியும் மடிச்சுக்கட்டியும் அவர் விளைச்சலைத் தின்கின்றன, கடன் தலைக்கு மேல் நிற்கிறது. அவரை வில்லனாக்கிப் பேச எனக்கு மனமில்லை.

பெரியவர் போன போகத்தில் ஒரு வேலை செய்தார். பெட்டியைச் சுற்றியுள்ள வயற்காரர்களிடம், தமிழரிடமும் நம்மவரிடமும், ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் தேனோடு போனார். "அடியாதை எண்டு சொல்ல வரல்ல தம்பி. அடிக்கிறதைப் பின்னேரம், ஈ அடைஞ்ச பிறகு அடி. முதல்நாள் எனக்கொரு சொல்லுச் சொல்லு" என்றாராம். அநேகர் ஒத்துக்கொண்டார்கள். மாலையில் அடித்த மருந்து மறுநாள் காலை ஈ வருவதற்குள் ஓரளவு காய்ந்துவிடும். இரண்டு பேர் மறந்துபோனார்கள். சொல்லியனுப்பிய இரவுகளில் அவர் பெட்டிவாசல்களைக் காற்றுப் போகும் வலைத்துணியால் மூடி, மேலே நனைத்த சாக்குப் போட்டு, மறுநாள் வெயில் ஏறிய பிறகு திறந்துவிட்டார். உள்ளே நாள் முழுக்க அடைத்து வைக்கக் கூடாது, சூட்டில் மெழுகு இளகி அடை சரிந்துவிடும். நான்கு பெட்டியும் அந்தப் போகத்தைத் தாண்டின. ஒன்றில் ஈ குறைந்து போய், அடுத்த பெட்டியிலிருந்து ஒரு குஞ்சடைச் சட்டம் எடுத்து வைத்துச் சேர்த்திருக்கிறோம்.